ஏரிக்குள் நான் கொண்டுவந்த பாலைவனம்

போன வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகர். 'சார், பாலைவனமெல்லாம் வளர்ந்துகொண்டே போகிறது என்கிறார்கள். சுருங்குகிறது என்றும் சிலர் சொல்கிறார்கள். எது சரி? உங்கள் பாணியில் நச்சென்று ஒரு வரியில் சொல்லவும்.'

நச்சென்று! அதில்தான் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே. எதைக் கேட்டாலும் சொல்வேன். தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வேன். ஆனால் இந்த முறை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மழை அடியோடு ஏமாற்றியதே... நினைவிருக்கிறதா? தாம்பரத்தில் தெருவுக்குத் தெரு பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. தண்ணீர் லாரி வந்தால் சாமி ஊர்வலம் வந்த மாதிரி எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். அப்போது ஒரு நாள் சாயங்காலம் செம்பாக்கம் தாண்டி ஒரு ஏரியைப் பார்க்கப் போனேன். ஏரியா அது? தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. குறுக்கு வழி என்று மொபெட்டுகள் போய்க்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து எழுதினேன் பாருங்கள், இதே பத்தியில்! 'பாலைவனம் தாம்பரம் வந்துவிட்டது' என்று தலைப்பு. சஹாரா வருஷா வருஷம் தெற்கே ஊர்ந்து வருகிறது என்று எங்கேயோ மேலோட்டமாகப் படித்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். உலகத்தில் எல்லாப் பாலைவனமும் வளர்கிறது, அடுத்தது நாம்தான், இந்த ஏரி செத்துவிட்டது, இனி இதில் சொட்டுத் தண்ணீர் நிற்காது — எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்தேன்.

பாராட்டுக் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. மின்சார ரயிலில் ஒருவர் அடையாளம் கண்டு, எழுந்து இடம் கொடுத்தார். நானும் உட்கார்ந்தேன்.

இந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி ரொம்பி வழிகிறது என்றார்கள். குடையை எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிளம்பினேன். செத்துவிட்டது என்று நான் எழுதிய ஏரி அது என்பதே அப்போது மனசில் இல்லை. அவ்வளவு லட்சணம்!

கரையெல்லாம் கூட்டம். எதிர்ப்பக்கத்தில் தண்ணீருக்குள்ளேயே ஏழெட்டுப் புது வீடுகள் தெரிந்தன. சுற்றிக்கொண்டு அங்கே போனேன். ஒரு அம்மா முழங்கால் தண்ணீரில், தலையில் மூட்டையோடு மேட்டுக்கு ஏறி வந்தார். பெயர் ஸ்டெல்லா. ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கணவருக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வேலை. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு அறிவுரை சொல்லத்தான் நாக்கு அரித்தது.

"ஏம்மா, ஏரிக்குள்ள போய் யாராவது வீடு கட்டுவாங்களா? கொஞ்சம் விசாரிக்க வேணாமா?"

"விசாரிக்காம இன்னா சார்?" என்று மூட்டையை இறக்கி வைத்தார். "இங்க பழைய ஆளுங்க உள்வாய், உள்வாய்னு சொன்னாங்க. அது இன்னான்னு எங்களுக்குப் புரியல. நாங்க பல்லாவரத்துல வாடகை வூட்லயே இருந்தவங்க. புரோக்கரு பேப்பரைக் காட்னாரு. அது புரிஞ்சுது."

உள்வாய் என்றால் கரைக்கு உள்பக்கம், ஏரித் தண்ணீர் நிற்கிற இடம். எத்தனை வருஷம் காய்ந்து கிடந்தாலும் இந்தப் பக்கத்துக்காரர்கள் அதற்கு வேறு பெயர் சொல்லமாட்டார்கள்.

"என்ன பேப்பர்?" என்றேன்.

மூட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். ரேஷன் கார்டு, மனைப் பத்திரம், மகளின் மார்க் ஷீட்... அவற்றோடு லேமினேட் செய்த ஒரு அட்டை. என் பத்தி! மேலே என் போட்டோ, தலை நிறைய முடியோடு. 'எழுதி வைத்துக்கொள்ளுங்கள்' என்ற வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு. மனை வாங்கிய எல்லோருக்கும் புரோக்கர் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார். அந்த மனைப்பிரிவுக்கு வைத்த பெயரில் 'லேக்' என்று வேறு வருகிறது. மற்ற நாளாயிருந்தால் இதை வைத்தே ஒரு வாரப் பத்தியை ஓட்டியிருப்பேன்.

"இவரு பெரிய ரைட்டர் சார். எங்க ஆஸ்பத்திரியில நர்ஸம்மாங்க எல்லாம் படிப்பாங்க. இவரே ஏரி செத்துப்போச்சுன்னு எழுதிட்டாரு. அதுக்கு மேல யாரைப் போய்க் கேக்கறது?"

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அடையாளம் தெரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"பாவம், அவருக்குத் தெரிஞ்சா துடிச்சிப் போயிடுவாரு" என்றார்.

'ஜாக்கிரதைம்மா' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். வீட்டில் சுடச்சுடக் காப்பி குடித்தேன். என்னை நினைத்து எனக்கே கூசியது.

அதற்குப் பிறகுதான் — மூன்று வருஷம் கழித்து! — லைப்ரரிக்குப் போய் ஒழுங்காகப் படித்தேன். சாட்டிலைட்டில் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மழை இல்லாத வருஷம் சஹாராவின் தெற்கு ஓரம் முன்னே வருகிறதாம். மழை பெய்த வருஷம் புல் முளைத்துப் பின்னே போகிறதாம். பூமி சூடானால்? சில இடங்களில் மழை குறையலாம், சில இடங்களில் கூடலாம். எந்தப் பாலைவனம் எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லப் பல வருஷம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஆயுள் முழுக்க இதையே படிக்கிறவர்கள் தயங்குகிறார்கள். ஒரே ஒரு சாயங்காலம் ஏரியில் நடந்துவிட்டு வந்த நான் தயங்கவில்லை. குரோம்பேட்டை நண்பரே, மன்னிக்கணும்... உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரு வரிப் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். தைரியம் வந்து போனேன் என்று நினைக்காதீர்கள். வேறு யாராவது ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடுவார்களோ என்கிற பயம்! தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. வீட்டுக்குள் சேற்றை முறத்தால் வாரிக்கொண்டிருந்தார்.

"அதை எழுதினவன் நான்தாம்மா" என்றேன்.

வாரிய சேற்றை வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

அவ்வளவுதான். குனிந்து இன்னும் இரண்டு முறம் சேறு வாரிக் கொட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"பின்னால இன்னும் இருபது மனை விக்காம கீது சார். சித்திரை வந்தா தண்ணி வத்திடும். புரோக்கரு உங்க பேப்பரை எடுத்துகினு மறுபடியும் ஆளுங்களைக் கூட்டிகினு வருவாரு. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. எழுதுங்க."

எழுதிவிட்டேன், ஸ்டெல்லா அம்மா: செம்பாக்கம் தாண்டி இருக்கிற அந்த ஏரி சாகவில்லை, நான் சொன்னது தப்பு, அங்கே யாரும் மனை வாங்காதீர்கள்.