மெத்தை வேனுக்கு ஒரு வார்த்தை

இது நடந்த கதை. ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஆனால் நான் வெல்டிங் அடிக்கிறவன். உடைந்த இரண்டு துண்டை ஒட்ட வைக்கும்போது நடுவில் என் கம்பியும் கொஞ்சம் உருகி விழத்தான் செய்யும். இல்லாவிட்டால் ஒட்டாது. அந்த அளவுக்குத்தான் என் சரக்கு. மிச்சமெல்லாம் அக்மார்க் உண்மை.

கேட்டவர் தண்ணி லாரிக்காரர். டேங்க் ஏணி ஆடுகிறது என்று பட்டறைக்கு வந்தவர், பக்கத்து ஷெட்டைப் பார்த்துவிட்டு, "எங்கய்யா, எப்பவும் இங்க நிக்குமே அந்த மெத்தை வேன்? காயலான் கடைக்குப் போயிடுச்சா?" என்றார்.

ஷெட்டில் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக், "வாயக் கழுவுங்க. எங்க மாமாவும் அக்காவும் அதுல வெளிநாடு போயிருக்காங்க" என்று குரல் கொடுத்தான். டீக்கடைக்காரர் கிளாஸ் எடுக்க வந்தவர், கதை கிளம்பும் வாசனை வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் முகமூடியைக் கழற்றினேன்.

மெத்தைக்காரர் என்று நாங்கள் சொல்வது ஒரு மெத்தைக் கடையின் வேன் டிரைவரை. டபுள் மெத்தையைத் தனியாளாகத் தலையில் வைத்து மூன்று மாடி ஏறுவார். தூரத்திலிருந்து பார்த்தால் மெத்தைக்கே கால் முளைத்து, வீடு தேடிப் போகிற மாதிரி இருக்கும். ஊரில் பாதிப் பேர் அவர் இறக்கிய மெத்தையில்தான் குறட்டை விடுகிறார்கள். அவர் மட்டும் தூங்கி வெகு காலம் ஆகிறது.

காரணம் ஒரே மகள். நர்ஸ் வேலைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கேயே கல்யாணம், அங்கேயே குழந்தை. அவளுக்கு லீவு கிடைத்தால் மாப்பிள்ளைக்குக் கிடைக்காது. அவருக்குக் கிடைத்தால் குழந்தைக்குக் காய்ச்சல் வரும். இவரும் விமானம் ஏற முடியாது. இடது காதில் ஆபரேஷன் ஆனவர். "பிளேன்ல மட்டும் ஏறிடாதீங்க, மிச்சம் இருக்கிறதும் போயிடும்" என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறை. அந்தக் காது பக்கம் வெடி வைத்தாலும், "யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே" என்பார்.

பேத்தியோடு பேச்செல்லாம் போனில்தான். வீடியோவில் பேசும்போதும் மனுஷன் பழக்க தோஷத்தில் போனைக் காதில் வைத்துக்கொள்வார். "கேக்குதா? கேக்குதா?" என்று கத்துவார். பாவம், அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் ஒரு காது, அதில் முளைத்த நாலு முடி. அது தாத்தாவுக்கு 'கேக்குதா' என்று பேர் வைத்துவிட்டது. ஒருநாள் மகள் சத்தம் போட்டபின் போனைத் திருப்பி முகத்தைக் காட்டினார். குழந்தை பயந்து அழுதது. மறுபடி காதைக் காட்டினார். சிரித்தது.

அன்றைக்கு என் பட்டறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் கேலி பேச வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். என் வாய் தானாக மூடியது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

"என் பேத்திக்கு என் மூஞ்சி தெரியாதுடா. ரோட்டு வழியா போயிடலாம்னு பாக்குறேன். வேன் இருக்கு" என்றார்.

வேன் இருந்தது. கடைக்காரர் புது வண்டி வாங்கியதும் பழையதை இவர் தலையில் கட்டியிருந்தார். நொண்டிக் குதிரை. அவர் மச்சான், அதான் இந்த மெக்கானிக், அதன் வயிற்றைக் கிழித்து கிளட்ச், பிரேக், பெல்ட், ரேடியேட்டர் குழாய் எல்லாவற்றையும் மாற்றினான். அந்த நாட்டில் வண்டியெல்லாம் வலப்பக்கம் ஓடும். நம்ம வண்டி விளக்கு இடப்பக்கம் சாய்ந்து அடிக்கும், அங்கே எதிரில் வருகிறவன் கண்ணைக் குத்தும் என்று விளக்குக் கண்ணாடியில் ஒரு ஓரமாகக் கறுப்பு டேப் ஒட்டினான். "மாமா, உங்க வேனுக்குக் கண்ணுல ஆபரேஷன், உங்களுக்குக் காதுல. ஜோடிப் பொருத்தம் பிரமாதம்" என்றான்.

எனக்குக் கிடைத்த வேலை கட்டில். வேனுக்குள் கம்பியில் கட்டில் அடித்து, அடியில் தண்ணீர் கேனும் அடுப்பும் வைக்க இடம் விடணும். அளவு எடுக்கப் போனேன். அவர் வீட்டம்மா வாசலில் தையல் மெஷினில் இருந்தார்.

"அக்கா, கட்டில் நீளம் எவ்ளோ வைக்கட்டும்?"

"உன் நாக்கு நீளத்துக்கு வை. ரெண்டு பேரும் தாராளமா காலை நீட்டிப் படுத்துக்கலாம்."

மெஷினைச் சுற்றிக் குட்டிக் கவுன்களாகக் கிடந்தன. குழந்தை பிறந்த செய்தி வந்ததும் தைத்தது, குப்புற விழுந்தது என்றதும் தைத்தது, நடந்தது என்றதும் தைத்தது. ஒன்றுகூட ஊரைத் தாண்டவில்லை. எல்லாவற்றையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது இப்ப ஓடுதாம். உள்ளங்கை அளவு கவுனெல்லாம் எதுக்கு?"

"இருக்கட்டும்டா. அப்பல்லாம் நமக்கு யாரும் இல்லனு அது நெனச்சுடக் கூடாதுல்ல."

நான் டேப்பை நீட்டி, சம்பந்தமே இல்லாமல் வாசலை அளந்தேன்.

வண்டி தயார். அப்புறம்தான் மச்சான் தலையில் கைவைத்தான். நம்ம வேனில் ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே ரோட்டில் போவதும் வலப்பக்கம். முன்னால் ஒரு லாரி போனால், அதைத் தாண்ட இடம் இருக்கிறதா என்று டிரைவருக்குத் தெரியாது. இடது சீட்டில் இருக்கிறவர் எட்டிப் பார்த்துச் சொல்லணும். இடது சீட்டில் யார்? வீட்டம்மா. அவர் சொல்வது எந்தக் காதில் விழும்? இடது காதில். ஆண்டவன் எவ்வளவு யோசித்து உட்கார வைத்திருக்கிறான் பாருங்கள்!

லீவு நாளில் காலியாகக் கிடந்த சந்தை மைதானத்தில் ஒத்திகை. எதிரில் வரும் வண்டிக்குப் பதில் நடுவில் ஒரு மணல் குவியல். மெத்தைக்காரர் வலப்பக்கமாகவே நல்ல பிள்ளையாக ஓட்டினார். கொஞ்சம் நடுவில் வந்துவிட்டார். வீட்டம்மா, வலது பக்கம் ஒதுங்கச் சொல்லி, "ரைட்டு! ரைட்டு!" என்று கத்தினார்.

மெத்தைக்காரர் இளம் வயதில் பஸ்ஸில் கிளீனர். 'ரைட்' என்றால் அவர் ரத்தத்திலேயே 'போலாம்' என்று அர்த்தம். எந்தக் காது செத்தாலும் அந்தச் சத்தம் எலும்பு வழியாக ஏறிவிடும். "போலாம் ரைட்!" என்று இவரும் சந்தோஷமாகக் கூவிக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். வேன் மணல் குவியலில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, நான் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாயத்தில் நின்றது.

("ஒரு நிமிஷமா?" என்றார் லாரிக்காரர். "சரி, அரை நிமிஷம்" என்றேன்.)

வேனின் இடது சைடு கண்ணாடி நொறுங்கியது. வீட்டம்மா முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "நான் வரல" என்றார். வீட்டை நோக்கி நடந்தார்.

மெத்தைக்காரர் ஸ்டியரிங்கிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடி படவில்லை. இருந்தும் அந்த முகம், அடிபட்டவரே தேவலை என்கிற மாதிரி. அந்த அம்மாவின் கண் இல்லாமல் இவர் போக முடியாது. இவர் வண்டி இல்லாமல் அந்தக் கவுன்கள் போக முடியாது.

அவர்கள் வீட்டு முன்னால் நிறுத்திய வேனில் நான் புது சைடு கண்ணாடிக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் பஞ்சாயத்து நடந்தது. வீட்டம்மா மெதுவாக என்னவோ சொன்னார். இவர், "என்ன?" என்றார். கொஞ்சம் உரக்கச் சொன்னார். "கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லு." அந்த அம்மாவுக்குக் கோபம். நகரவில்லை. தெருவே கேட்க அடித்தொண்டையில் கத்தினார்:

"போறது கஷ்டமில்லீங்க! திரும்பறப்ப அந்தக் குழந்த அழுமே! போன்லன்னா கட் பண்ணிடலாம்! நேர்ல எப்படிங்க கட் பண்றது?"

எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகச் சாத்திக்கொண்டது. என் கையில் கம்பி நின்றது.

"அழட்டுமே" என்றார் மெத்தைக்காரர். "நம்மளுக்காக அழற அளவுக்கு இன்னும் அதுக்கு நம்மளத் தெரியாதே."

வீட்டம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப ரைட்டுங்கற பேச்சே வண்டியில வரக் கூடாது. தாண்டலாம்ங்கறதுக்கு வேற வார்த்த சொல்லுங்க."

"போ?"

"உங்களப் போய் 'போ'ம்பேனா?"

"போங்க?"

"கோவத்துல நாளெல்லாம் சொல்ற வார்த்த அது. வண்டிய எங்கயாவது வுட்டுருவீங்க."

அவர் யோசித்தார். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "ஒரு வார்த்த இருக்கு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ என்கிட்ட சொன்னதே இல்ல. வேற எதோடயும் கலந்துக்காது."

"என்ன அது?"

"சரி."

நான் சிரித்த சிரிப்பில் கூரைத் தகடு ஒன்று நகர்ந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. கவுன் பையை எடுத்துக்கொண்டு வந்து இடது சீட்டில் ஏறினார். ஒத்திகைக்கு இல்லை, கிளம்புவதற்கே. கதவைச் சாத்தினார். மெத்தைக்காரர் சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தார். முன்னால் ரோடு வெறிச்சென்று கிடந்தது. தாண்ட லாரியும் இல்லை, குவியலும் இல்லை. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டுக்குக் கடைசியில் ஒரு குழந்தை நிற்கிறது என்று அந்தப் பார்வையைப் பார்த்த யாரும் சத்தியம் செய்வார்கள்.

"சரி" என்றார்.

"என்ன?"

"சரீ!"

வேன் கிளம்பியது. இன்றைக்குக் காலையில் போன் வந்தது. எல்லை தாண்டிவிட்டார்களாம், வலப்பக்கமாகவே போகிறார்களாம், சாயங்காலம் மகள் வீடாம். இதுதான் கதை.

டீக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். தண்ணி லாரிக்காரர் மட்டும் மோவாயைத் தடவினார். "ஒரு சந்தேகம். எதிர்ல வண்டி வந்தா அந்த அம்மா என்ன சொல்லுவாங்க?"

"இது ஒரு கேள்வியா? 'சரியில்ல'ம்பாங்க" என்றேன்.

"அவருக்குப் பாதிதானய்யா கேக்கும்! 'சரி'ன்னதும் ஒடிச்சுடுவாரே!"

காருக்கு அடியில் ஸ்பேனர் விழுந்தது. மெக்கானிக் உருண்டு வெளியே வந்தான். "பக்கத்துலதான நின்னீங்க? பல்லக் காட்டுனதுக்கு இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"நான் வெல்டிங்டா! வார்த்தையா செஞ்சு குடுக்கறேன்? உன் மாமா, உன் அக்கா!"

"எங்க அக்கா அப்படிச் சொல்லாது! 'ஐயோ'ன்னுதான் சொல்லும்!" என்று அவன் போனை எடுத்தான்.

லாரிக்காரர் அதைப் பிடுங்கினார். "ஓட்றவருக்குப் போன் பண்ணாதய்யா! நான் வண்டி ஓட்றவன், எனக்குத் தெரியும்!"

"அக்கா போனுக்குத்தாங்க! வுடுங்க கைய!"

"அந்தம்மா ரோட்டப் பாக்குமா, போனப் பாக்குமா?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்று டீக்கடைக்காரர் நடுவில் புகுந்தார். "எடுத்தா என்னன்னு சொல்லப் போறே? சுருக்கமா, அந்த வார்த்த சரியில்லன்னு சொல்லிடு."

"யோவ்! அதத்தான்யா சொல்லக் கூடாது!"