கம்பத்துக்கு ஊற்றிய நீர்

எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம், ஊரைவிட்டுப் போன நாளில் அதை ஏந்திய என் அக்காவின் ஈரக் கை நினைவில் எழுகிறது. சத்தியமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டி, திருவிழாவை அறிவித்துவிட்டால், கோயில் முன் மூன்று கவடுள்ள வேப்பங்கம்பம் ஒன்றை நடுவார்கள். விடியலில் வீட்டுக்கு ஒரு சொம்பு நீர் அதற்கு ஊற்ற வேண்டும். கம்பம் பிடுங்கும்வரை ஊரார் ஒருவரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது.

அக்காவுக்குக் கோவையில் செவிலியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, சேர வேண்டிய நாள் நோம்பிக்குள் விழுந்தது. தவறினால் இடம் போய்விடும். கோயில் தர்மகர்த்தா ஊரார் சிலரோடு எங்கள் வாசலுக்கே வந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஆத்தா கோவிச்சுக்கிட்டா ஊரே அம்மையில படுத்துக்குமுங்க. அடுத்த வருசம் போலாமுங்கல்லோ?"

"உலகத்தையே பெத்தவன்னுதானுங்க அவளைக் கும்பிடறோம். கோயமுத்தூரு அவ கண்ணுக்கு எட்டாதுங்களா?" என்றாள் அக்கா.

"நர்சம்மா இப்பவே ஊசி போடறாங்கடோய்!" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தர்மகர்த்தா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அக்கா கம்பத்துக்கு நீர் ஊற்றிவிட்டுப் பேருந்து ஏறினாள். அந்த வாரமே எதிர்வீட்டுக் குழந்தைக்கு அம்மை கண்டது. "இனிமே உங்க ஊட்டுத் தண்ணி கம்பத்துக்கு வேண்டாமுங்க" என்று கோயிலில் அம்மாவிடம் சொன்னார்கள். மரியாதையில் ஒரு சொல்லும் குறையவில்லை; அதுதான் இன்றும் என்னை நடுங்க வைக்கிறது. அம்மா நிறைசொம்போடு திரும்பி வந்து அதை முருங்கைக்கு ஊற்றினாள். குழந்தை தேறிப் பள்ளிக்குப் போயிற்று. எங்கள் சொம்புக்கான தடையோ, அந்தத் தர்மகர்த்தா மறையும்வரை நீங்கவில்லை.

நாள்தோறும் பதிகம் ஓதி வளர்ந்தவன் நான். நோன்பை இகழ மாட்டேன். தேர்வடம் பிடிக்க ஊர் என்னை அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும். ஆனால் ஒருத்தி எங்கே உறங்கினாள் என்பதைக் கொண்டு அவள் பக்தியை அளக்கும் உரிமையை ஊருக்கு யார் தந்தது? அம்மனுடைய சினத்தை அம்மனிடமே விட்டிருக்கலாம். இப்படியெல்லாம் எழுதுகிற எனக்கே, நோம்பி நாளில் தெருவில் ஒரு குழந்தை சிணுங்கினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

மணம் செய்துகொள்ளாமல் கோவையிலேயே முதுமை எய்திய அக்காவுக்கு இன்று இதய அறுவை சிகிச்சை. துணைக்கு வேறு ஆள் இல்லை. நேற்றுத் தொலைபேசியில் அவளே தடுத்தாள்: "தம்பி, நோம்பி சாட்டியிருக்கு. நீ வராதே. உன்னைய ஏதாச்சும் சொல்லிப்போடுவாங்க." அன்று தனக்காக அஞ்சாதவள், இன்று எனக்காக அஞ்சுகிறாள்.

இன்று விடியலில் நீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது, இப்போதைய தர்மகர்த்தா என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். அன்றைய தர்மகர்த்தாவின் மகன்தான்.

"ஏனுங்கண்ணா, இருட்டறதுக்குள்ள வந்துருவீங்கல்லோ?"

"இல்லீங்க. அக்காகூட இருந்துட்டுத்தான் வாரேன்."

அவர் என் கையிலிருந்த சொம்பையே பார்த்தார். அதை வீட்டில் வைக்க மனம் வராமல் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது கோவை மருத்துவமனையில் அறுவை அறையின் கதவு மூடியிருக்கிறது. ஊரிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. மடியில் சொம்பு, அதன் அடியில், ஊற்றியது போக எஞ்சிய துளி இன்னும் காயவில்லை.