நான்காவது பாட்டு

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக் கடைகளுக்கு வாகனத்தில் மரக்கறி கொண்டுபோய் இறக்குகிறவர் சிவநேசம். மகள் பிரஷாந்தினி கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசைக்குழு ஒன்றில் பாடுகிறாள் என்று வெளியே சொல்லக்கூட முதலில் கூச்சப்பட்டார். "மாட்டுக்காரன்ர பாட்டு" என்று பகிடி பண்ணுவார். ஆனால் குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்த வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு கடை வாசலிலும் வாகனத்தில் அதைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்தார். கிற்றாரும் ரொக் மேளமும் தெருவெல்லாம் கேட்டன. "பாடுறது என்ர பிள்ளை."

நான்காவது பாட்டு மெதுவானது. கணக்குச் சோதனையில் கோட்டை விட்டதை எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மறைக்கிறாள். அதைக் கண்டுபிடித்த அப்பா அவளை வெளிப்படிக்கட்டில் விட்டுக் கதவைப் பூட்டுகிறார். பனி கொட்டுகிறது. காலில் சப்பாத்து இல்லை.

சிவநேசம் வாகனத்தை ஓரங்கட்டினார். திரும்பவும் போட்டுக் கேட்டார். பாட்டில் வருகிற பச்சை பூசிய இரும்புப் படிக்கட்டு அவர்களுடைய பழைய வீட்டினுடையது. அந்த நாள் மட்டும் அவருக்கு ஞாபகம் வரவேயில்லை.

மிச்ச மரக்கறியை இறக்காமலே வீட்டுக்குப் போனார். மனைவி புஷ்பராணி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் பிள்ளையைப் பனிக்குள்ள விட்டுப் பூட்டினனானோ?"

கத்தி நின்றது. "ஓம். நான் வேலையால வந்துதான் திறந்தனான். கால் ரெண்டும் நீலம். உங்களுக்கு மறந்து போச்சோ?"

செய்ததைவிட மறந்ததுதான் அவரை உலுக்கியது. மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நாலாவது பாட்டுக் கேட்டனான்."

"கோவமே அப்பா?"

"எவ்வளவு நேரம் நிண்டனி?"

"தெரியேல்லை. சின்னப்பிள்ளைதானே."

"எனக்கு அது ஞாபகமே இல்லை, பிள்ளை."

அவள் சொன்னாள்: "அதை நினைச்சுத்தான் நீங்கள் என்னோட முகம்குடுத்துக் கதைக்கிறேல்லை எண்டு நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன்." அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் பின்னேரம் ஒரு இசைத்தட்டுக் கடையில் குழு பாடியது. குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் சிவநேசம் கூட்டத்தின் கடைசியில் நின்றார். நான்காவது பாட்டு வந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல ஆடினார்கள். அவர் அசையவில்லை.

முடிந்ததும் அவளிடம் போனார். "மன்னிச்சுக்கொள் பிள்ளை."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. "நான் அதை இனியும் பாடுவன் அப்பா."

"பாடு."

அவளுடைய கிற்றார்ப் பெட்டியை அவர் தூக்கினார். அவள் தடுக்கவில்லை. மெட்ரோ ரயில் நிலையம் வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.