பிரிக்காத மெத்தையும் என் நாற்காலியும்

மெத்தை விற்கிறவர்களுக்குத் தூக்கம் வராது என்பது எங்கள் தொழிலில் சும்மா சொல்கிற பேச்சு இல்லை. மலேசியாவின் கிள்ளானில் மெத்தை செய்து விற்கும் ஒரு கம்பெனியில், ஊழியர்களையே வீடியோ எடுத்துப் போடவைத்து விளம்பரம் தேடித் தருவது என் வேலை. உங்கள் ஆபீசிலும் யாராவது “ஒரே ஒரு வீடியோ போடுங்களேன்” என்று உயிரை வாங்கினால் அவளைத் திட்டிவிடாதீர்கள். அவள் உயிரை மேலே ஒருவர் வாங்கிக்கொண்டிருப்பார்.

பங்சார் தந்த ஞானம்

பாஸ் ஒரு நாள் பங்சாரில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். மறுநாளே, இனிமேல் நம் ஊழியர்கள்தான் நமக்கு விளம்பரம் என்றார். நான் பேஸ்புக்கில் கேக் படம் போடுகிறவள் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அதுவரை எங்கள் கம்பெனியின் ஷா ஆலம் சரக்கு ஸ்டோரில் ஸ்பாஞ்சுத் தூசியில் தும்மிக்கொண்டிருந்தேன். ஆஸ்துமாக்காரிக்கு அந்த இடம் நரகம். இப்போது ஏர்கோன் போட்ட அறையும் புத்தம் புது நாற்காலியும் கிடைத்தன. அதில் உட்காரும் முன்பே பாஸ் சொல்லிவிட்டார்: “தீபாவளிக்குள்ள ஷோரூமுக்கு ஆளு வரணும். வரலன்னா நாற்காலி இங்கயே இருக்கும், நீ ஸ்டோருக்குப் போயிடு லா.”

லோரியும் மீன் தலையும்

முதலில் முன்வந்தவர் லோரி டிரைவர் முனியாண்டி அண்ணன். “கவலப்படாத தங்கச்சி, நான் பாத்துக்கிறேன்” என்றார். சுங்கை பூலோவுக்கு மெத்தை கொண்டுபோகும் பயணத்தைப் படம் பிடித்து அனுப்பினார். அதில் மெத்தை ஒரு நொடி வந்தது. மீதி முழுக்க, பிரிக்பீல்ட்ஸில் வாழை இலையில் மீன் தலைக் கறியைக் குழைத்து அவர் சாப்பிடுவதுதான்.

கிள்ளானிலிருந்து சுங்கை பூலோவுக்குப் போக பிரிக்பீல்ட்ஸ் பக்கமே தலைவைக்க வேண்டியதில்லை என்று பாஸ் அன்றுதான் யோசிக்க ஆரம்பித்தார். ஆனால் வீடியோவை ஊரே பார்த்தது. போன் அடித்தது. ஸ்டோரிலிருந்து தப்பித்தேன் என்று ஆசை ஆசையாக எடுத்தேன். “மெத்தை கெடக்கட்டும் சிஸ்டர், அந்த மீன் தலைக் கறி எந்தக் கடை?”

கணக்குப் பிரிவிலிருந்து ஒரு ஜெபம்

அடுத்தது கணக்குப் பிரிவு எஸ்தர். சோற்றுப் பானை திறப்பதானாலும் ஜெபம் பண்ணித்தான் திறப்பார். “நல்ல தூக்கத்துக்கு நம்ம மெத்தை” என்ற ஒரே ஒரு வரியைத்தான் சொல்லச் சொன்னேன். கேமராவைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லாத தாய்மார், நைட் ஷிப்ட் நர்ஸுகள், ஹைவே ஜாமில் மாட்டிக்கொண்டவர்கள் என எல்லோருக்காகவும் வேண்டினார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார். மெத்தையை மறந்தே போனார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே கண் கலங்கிவிட்டது. ஸ்டோரை நினைத்து நானும் பல ராத்திரி தூங்காமல்தான் கிடந்தேன். வீடியோவின் கீழே ஆமென் ஆமென் என்று வந்து குவிந்தது. மெத்தையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பெண்மணி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார்: “சிஸ்டர், என் வீட்டுக்காரர் கொறட்டைக்கும் சேத்து ஜெபம் பண்ணுங்க.”

செல்வி அக்காவின் படுக்கை

தீபாவளி நெருங்கிவிட்டது. தையல் பிரிவு செல்வி அக்கா வருஷக்கணக்காக எங்கள் மெத்தையில்தான் படுக்கிறார் என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். சோபாவுக்குப் பிளாஸ்டிக். சாப்பாட்டு மேசைக்குப் பிளாஸ்டிக். டிவி ரிமோட்டுக்கும் பிளாஸ்டிக். அக்கா மெத்தையில் படுத்துப் புரண்டார். சரக் சரக் என்றது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் அப்படியே இருந்தது!

“அக்கா, இத இன்னுமா பிரிக்கல?” என்று கத்திவிட்டேன். “பிரிச்சா பழசாயிடும்ல!” என்றார் அக்கா, படுத்தபடியே.

வேறு வீடியோ எடுக்க நேரமில்லை. போனால் போகிறது என்று அதையே போட்டுவிட்டு, ஸ்டோருக்குக் கட்டிக்கொள்ள முகமூடியும் வாங்கி வைத்தேன். சனிக்கிழமை ஷோரூமில் கால் வைக்க இடமில்லை. பாஸ் வாயெல்லாம் பல்லாக ஒரு ஆன்டியிடம் ஸ்பிரிங் மெத்தையின் பெருமைகளை அடுக்கினார். ஆன்டி கையமர்த்தினார். “மெத்த எதா இருந்தாலும் பரவால்ல பாஸ், பிளாஸ்டிக் மட்டும் அந்த அக்கா வீட்டுல உள்ள மாதிரி கெட்டியா இருக்கணும்.”

பாஸின் தீர்ப்பு

இப்போது எங்கள் மெத்தைகளுக்கு இரண்டு சுற்றுப் பிளாஸ்டிக். பாஸ் என் அறைக்கு வந்து, வாசலிலேயே நின்று சொன்னார்: “ஸ்டோருக்கு வேற ஆளு போட்டாச்சு, நீ இங்கயே இரு லா.”

வேலை நிலைத்துவிட்டது வாஸ்தவம்தான், ஆனாலும் தீபாவளி வருஷா வருஷம் வருகிற பண்டிகை என்பதால், என் நாற்காலியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை நானும் இன்னும் பிரிக்கவில்லை.