பந்துக்குப் படுத்தவன்

பேஸ்போலிலை உள்வட்டத்திலை நிக்கிறவன்ர வேலை, நெஞ்சுக்கு நேரை வாற பந்துக்கு விலகாமல் நிக்கிறதுதான். அதுக்குச் சம்பளமும் தருவினம் எண்டால் எங்கட தமிழ்க் கடைத்தெரு லாச்சப்பலிலை ஒருத்தரும் நம்பாயினம். ஆரும் நம்பாத வேலை ஒண்டைச் செய்து, அதை வீட்டிலை விளங்கப்படுத்திக் களைச்ச ஆக்களே, இது உங்களுக்குத்தான்.

வெறுங்கை

வன்னியிலை பள்ளிக்கூடத்திலை எல்லே விளையாடினனான். மூங்கில் கம்பாலை பந்தை அடிச்சிட்டு ஓடுற விளையாட்டு. பிடிக்கிறது வெறுங்கையாலை. இஞ்சை ஒரு கழகம் பேஸ்போலுக்கு ஆள் தேடுது எண்டு கேள்விப்பட்டு, எல்லேயை நம்பித் துணிஞ்சு போனன். பயிற்சியாளர் தந்த தோல் கையுறை எனக்குப் பெரிய இடைஞ்சல். கழட்டி வைச்சிட்டு வெறுங்கையாலையே எல்லாப் பந்தையும் பிடிச்சன். நடுவிரல் முறிஞ்சது எல்லாம் முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது.

அவர் வீங்கின விரலைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "உன்னை எடுக்கிறம். மிச்ச விரலையாவது கையுறைக்குள்ளை வை."

கூவிக்கொண்டு வந்தது

முதல் ஆட்டம். எதிர்ப்பக்கத்துப் பெடியன் ஓங்கி அடிச்சான். பந்து கூவிக்கொண்டு வந்துது. கடைசிச் சண்டைக்குள்ளை அம்பிட்டிருந்த ஆக்களுக்குத் தெரியும், ஷெல் மாதிரிக் கூவுற சத்தம் கேட்டால் உடம்பு எங்களைக் கேட்டு நடக்காது. நான் குப்புறப் படுத்திட்டன், ரெண்டு கையும் தலையிலை. பந்து மேலாலை போயிட்டுது. எங்கட ஆக்களே விழுந்து விழுந்து சிரிச்சாங்கள். எழும்ப வெக்கமாக் கிடந்துது.

பயிற்சியாளர் சிரிக்கேல்லை. ஏன் படுத்தனான் எண்டு அவருக்கும் தெரியாது. கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டிட்டுச் சொன்னார்: "படுக்கிறது பிழையில்லை. கண்ணைத் திறந்துகொண்டு படு."

கொந்திரா

இந்தப் பிரெஞ்சு நாட்டிலை தங்கிற காட் புதுப்பிக்க, கொந்திரா எண்டு சொல்லுற வேலை ஒப்பந்தம் வேணும். பருவம் முழுக்க விளையாடி முடிச்சால்தான் அடுத்த கொந்திரா எழுதுவம் எண்டு கழகம் சொல்லிப்போட்டுது. மனிசி வதனி அப்ப பிள்ளைத்தாச்சி. நெஞ்செல்லாம் பந்து பட்டுக் கண்டின அடையாளம். நாங்கள் குடியிருக்கிற சார்செல் வீட்டிலை அதுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு கேட்டாள்: "இஞ்சாருங்கோ, மேலிலை படாமல் நிக்கிற இடம் ஒண்டும் அந்த விளையாட்டிலை இல்லையே?"

விடு

பருவத்தின்ர கடைசி ஆட்டம். பந்து உயரப் போய் எனக்குப் பின்னாலை இறங்குது. நான் அண்ணாந்துகொண்டு பின்பக்கமா ஓடுறன். வெளிப்பக்கம் நிக்கிற எங்கட மத்தியூ, தங்கமான பெடியன், அவனும் அதே பந்துக்கு ஓடி வாறான். இப்பிடியான நேரத்திலை "எனக்கு" எண்டு பிரெஞ்சிலை கத்தச் சொல்லித்தான் பழக்கினவை. அந்த அவசரத்திலை என்ர வாயிலை தமிழ்தான் வந்துது. "விடு, விடு" எண்டு கத்தினன்.

அவனுக்குக் கேட்டது "விட், விட்". பிரெஞ்சிலை விட் எண்டால் கெதியா. அவன் கெதியா வந்தான். என்ர முழங்கால் முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுது. பந்து மட்டும் கையுறைக்குள்ளை பத்திரமாக் கிடந்துது.

ஆசுப்பத்திரியிலை மத்தியூ கட்டிலடியிலை நிண்டு அழுதான். "நீதானே கெதியா எண்டு கத்தினாய். அதுதான் உள்ள வேகம் முழுக்க எடுத்து ஓடி வந்தனான்."

ஷெல்லோ

கழகம் கொந்திரா எழுதேல்லை. லாச்சப்பலிலை மரக்கறிக் கடை வைச்சிருக்கிற அண்ணை ஒராள் வேலை தந்தபடியாத்தான் காட் தப்பிச்சுது. கால் இப்பவும் மடங்காது. மகள் நடக்கப் பழகேக்கை நானும் அவளோடைதான் பழகினன்.

ஒருநாள் முருங்கைக்காய் வாங்க வந்த ஐயா ஒராள் நான் நொண்டுறதைப் பாத்திட்டு, "தம்பி வன்னியோ? ஷெல்லோ?" எண்டு கேட்டார்.

"வன்னிதான். ஆனால் ஷெல் இல்லை ஐயா, பந்து பிடிக்கப் போய்."

அவர் முருங்கைக்காயைக் கீழை வைச்சிட்டார். "அவ்வளவு ஷெல்லுக்கையும் தப்பி வந்தனி, இஞ்சை ஒரு பந்துக்கே?"

ஷெல்லுக்குப் படுத்த உடம்பைப் பந்துக்கு எழும்பி நிக்கப் பழக்கின நான், வாயைப் பழக்காமல் விட்டிட்டன் எல்லே.