ரஞ்ஜிதா பேரில் இருந்த வரி

கேசவமூர்த்திக்கு வயசு நாற்பத்தெட்டு. முதுகுக்கு மட்டும் எழுபது. ஹெப்பாள் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறினதும் தூங்கிவிடுவார். ஆபீசில் அவர் பார்ப்பது கிராபிக்ஸ் டிரைவர், அதாவது படம் வரைகிற சிப்பை வேலை வாங்கும் புரோகிராம். காரில் வேகம் காட்டுகிற படத்தைச் சிப் வரையும். வரைந்து முடித்ததும் ‘ஆச்சு’ என்று ஒரு சைகை கொடுக்கும். அதற்குப் பேர் ஃபென்ஸ். அது வரும்வரை திரை பொறுக்கணும். வேகாத சாதத்தை இலையில் போடலாமா?

போட்டுக்கொண்டுதான் இருந்தது. சோதனைக் காரில் வேகமுள்ளின் மேல்பாதி எண்பதில், கீழ்ப்பாதி அறுபதில். பத்து நாளாக எல்லோரும் தேடினார்கள். திங்கட்கிழமை கேசவமூர்த்தி கண்டுபிடித்தார். சைகை வராவிட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வந்ததாகவே வைத்துக்கொண்டு மேலே போகிற ஒரு வரி புரோகிராமில் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், டெமோவுக்கு முதல் நாள், ‘அப்புறம் சரி பண்ணிக்கலாம்’ என்று அவரே எழுதினது.

ஆனால் எந்த வரி யாருடையது என்று காட்டும் பட்டியலில் பக்கத்து சீட் ரஞ்ஜிதா பேர் இருந்தது. போன மாசம் கோணல்மாணலாகக் கிடந்த அந்த ஃபைலை அவள்தான் இடைவெளி தட்டி ஒழுங்கு பண்ணினாள். கடைசியாகத் தொட்டவர் பேர்தான் வரும். பழைய பட்டியலோ சர்வர் மாற்றினபோதே தொலைந்துவிட்டது. கேசவமூர்த்தி வாயைத் திறக்கவில்லை. ஆளைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அலுப்பு வேறு.

வியாழக்கிழமை மேனேஜர் ப்ரத்யும்னவும் அந்த வரியைப் பிடித்துவிட்டார்.

“நோடு, இதைப் பாரு ரஞ்ஜிதா, உன் பேர்தான். நாளையிலேர்ந்து இந்த ப்ராஜெக்ட்ல நீ வேண்டாம்.”

“சார், நான் ஸ்பேஸ்தான் தட்டினேன்!”

“மாட்டிண்டா எல்லாரும் அதைத்தான் சொல்வா.”

அவள் லேப்டாப்பை மூடினாள். மூடின சத்தம் கேசவமூர்த்திக்கு எங்கேயோ குத்தியது.

“அது என்னோடது” என்றார். “நான் எழுதின வரி. இவ தூசிதான் தட்டினா.”

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

“திங்கள்.”

ரஞ்ஜிதா திரும்பினாள். “திங்களா? நாலு நாளா என் டப்பாவிலேர்ந்து பிசிபேளாபாத் எடுத்துண்டேளே சார்!”

“நன்னா இருந்தது” என்றார்.

ப்ரத்யும்ன கத்தவில்லை. “நாளைக்குள்ள சரி பண்ணுங்கோ. மத்ததை அப்புறம் பேசலாம்” என்றார். மத்தது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

கேசவமூர்த்தி அந்த வரியை அழித்துவிட்டு, சைகை வராவிட்டால் பிழை என்று சொல்லும்படி எழுத உட்கார்ந்தார். கண் எரிந்தது. பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம்.

“உங்களோட பேச்சு கிடையாது” என்றாள் ரஞ்ஜிதா. “டெஸ்ட் மட்டும் நான் ஓட்டறேன்.”

அவர் கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினார்.