கடலுக்கு ஆர் சொல்லுறது

போர் முடிந்து நாங்கள் மீள்குடியேறிய புதிதில், தாழ்வுபாட்டுக் கரையில் கருவாடு விற்ற ஒருவரிடம் அடிக்கடி போவேன். ஒல்லியான மனிதர். கழுத்தில் செபமாலை, இடுப்பில் வெளிறிய சாரம், பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன ரேடியோ. செய்தியில் பேச்சுவார்த்தை என்று வந்தால் போதும், எழுந்து நின்று கடலைப் பார்ப்பார்.

ஒருநாள் அப்படித்தான் எழுந்தார். எங்கோ இரண்டு நாடுகள் கடல் எல்லைக்காகப் பேசத் தொடங்கியிருந்தன.

"நல்ல விசயம்தானே ஐயா," என்றேன்.

"சண்டை எண்டால் நாங்கள் கடல்தொழிலுக்குப் போகமாட்டம், தம்பி. எங்கட சண்டையில ரெண்டு பக்கமும் பேசுகினம் எண்டு கேட்டுத்தான் மகனைப் போகவிட்டனான். அவன் கடலில நிக்கேக்க பேச்சு முறிஞ்சு சண்டை துவங்கிட்டுது. எங்களுக்கு ரேடியோ சொன்னது. அவனுக்கு ஆர் சொல்லுறது?"

அடுத்த முறை நான் போனபோது அந்த நாடுகளின் பேச்சும் முறிந்திருந்தது. போர்க்கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டதாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கருவாட்டைச் சுற்றித் தந்தார். பிறகு கேட்டார்:

"அங்க தொழிலுக்குப் போன ஆக்கள் கரைக்கு வந்திட்டினமோ தம்பி?"

மூழ்கிய கப்பல்களின் பெயர்களைச் செய்தியில் சொன்னார்கள். அவர் கேட்டதைச் சொல்வார்கள் என்று, செய்தி முடியும்வரை இருவரும் நின்று கேட்டோம்.